நாட்டுத் திராட்சையும் ஆயாவின் ஊறல் பானையும்

போன வருஷக் கோடையில் புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மனுஷன். நாட்டு விதை, நாட்டு மாடு, நாட்டுக் கோழி என்று பத்து வருஷமாய்ப் பேசிக்கொண்டிருப்பவர். அன்றைக்கு அவர் மேசையில் ஒரு பாட்டில் இருந்தது. "இது நம்ம கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை. நம்ம நாட்டுத் திராட்சையில, நம்ம மண்ணு வாசனையோட ஒயின். இனிமே பிரான்சுக்காரன்கிட்ட நாம ஏன் கையேந்தணும்?" என்று சொல்லி, கண்ணாடிக் குவளையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார். சுற்றி இருந்த ஏழெட்டுப் பேரும் சுழற்றினார்கள். நானும் சுழற்றினேன். எனக்கு வந்த வாசனை வேறு. மணிமுத்தாற்று மணலில் எங்கள் ஆயா புதைத்து வைத்த முந்திரிப்பழ ஊறலின் வாசனை.

அந்த வாசனைக்காக ஆயா பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தாள். இந்த வாசனைக்கு 'பண்பாடு' என்று பெயர்.

இந்த இரண்டு வாசனைகளுக்கும் நடுவே இருக்கிற சாதியைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

*

முதலில் இந்த 'நாட்டு' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வதற்கு உலகத்தில் வழங்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஐரோப்பாவில் இரண்டு ரகங்கள் கலந்து பிறந்த கலப்புப் பிள்ளை அது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கம்பத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெங்களூர் நீலம் என்கிற திராட்சையும் குறியீடு வாங்கியதுதான். அதன் ரத்தத்தில் ஓடுவது அமெரிக்கத் திராட்சை. திராட்சைக் குடும்பத்தில் நிஜமாகவே நம் வேலியில் தானாக முளைத்துக் கிடப்பது பிரண்டை. தாவரவியல் பிரண்டையை அந்தக் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. ஆனால் பிரண்டையில் துவையல்தான் அரைக்கலாம். குவளையைச் சுழற்ற முடியாது.

கலப்பு என்பதால் நான் திராட்சையைக் குறை சொல்லவில்லை. கலப்பைக் குறை சொல்கிற ஆள் நானில்லை. என் கேள்வி, கலப்பிலே பிறந்து வந்த பழத்துக்குத் 'தூய நாட்டு இனம்' என்று பூணூல் போட்டுவிடுகிற அவசரம் யாருக்கு, எதற்கு என்பதுதான். இந்தப் பாஷை நமக்குப் புதிதா? மூலம், மரபு, கலப்படமற்ற வம்சம். நாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பாஷை. மனுஷனிடம் பேசினால் சட்டம் கேட்கும் என்பதால் மாட்டிடமும் பழத்திடமும் பேசுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு பில்லாக்சரா என்கிற வேர்ப்பூச்சி போய்ச் சேர்ந்தது. திராட்சைத் தோட்டங்கள் ஊர் ஊராகச் செத்தன. கடைசியில் எப்படிப் பிழைத்தார்கள்? அதே அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரைக் கொண்டுவந்து, அதன் மேல் தங்கள் 'உயர்ந்த' ரகங்களை ஒட்டுக் கட்டினார்கள். இன்றைக்கு ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைக் கொடிகள் அந்தக் காட்டு வேரில்தான் நிற்கின்றன. மகாராஷ்டிரத்துத் தோட்டங்களிலும் அமெரிக்க வேர்தான் பரவலாக இருக்கிறது. மண்ணைப் பிடித்துக்கொண்டு, பூச்சியைத் தாங்கிக்கொண்டு, நீரை உறிஞ்சி மேலே அனுப்புவது ஒரு வேர். பழுத்துப் பேர் வாங்குவது இன்னொன்று. பாட்டில் மேல் ஒட்டுகிற காகிதத்தில் வேரின் பெயரைப் போடுவதில்லை.

சாதி என்றால் என்ன என்று வெளிநாட்டுக்காரன் யாராவது கேட்டால், இனி நான் மனுவை எடுத்துக் காட்டப் போவதில்லை. ஒரு ஒட்டுக் கட்டிய திராட்சைச் செடியைக் காட்டிவிடுவேன்.

*

சரி, நாட்டுத் திராட்சையே வளர்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். யார் வளர்ப்பது? திராட்சைக்குக் கல்தூண் நட வேண்டும். கம்பி இழுத்துப் பந்தல் போட வேண்டும். முதல் காய்ப்புக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டும். தண்ணீர் சொந்தமாக இருக்க வேண்டும். சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தலுக்குக் கீழே கழுத்தை அண்ணாந்தபடி கவாத்து செய்கிறவர்களும், மருந்து அடிக்கிறவர்களும், குலை அறுத்துப் பெட்டி சுமக்கிறவர்களும் பந்தலுக்குச் சொந்தக்காரர்களா? அன்றாடக் கூலிக்குப் போகிறவளால் இரண்டு வருஷம் காத்திருக்க முடியுமா?

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அடுத்த வருஷம் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கிய அரசாணையும் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நிலம் எங்கே போயிற்று என்பதும் தெரியும். அந்த நிலம் நம் கையில் இருந்திருந்தால், அதில் திராட்சை போடுவதா தினை போடுவதா என்று நாமே சாவகாசமாகப் பேசியிருக்கலாம். நிலத்தைப் பற்றி வாய் திறக்காமல் 'மண் வாசனை' பேசுகிறவர்கள் எந்த மண்ணைச் சொல்கிறார்கள்? பட்டாவில் இருக்கிற மண்ணைத்தான்.

நிலம் இருப்பவனுக்குச் சட்டமும் வளைந்து கொடுக்கும். மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சை பதப்படுத்தும் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்து ஒயினுக்கு வரிச்சலுகை கொடுத்தது. 2022 ஜனவரியில் பெரிய மளிகைக் கடைகளிலேயே ஒயின் விற்கலாம் என்று அந்த அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்ப்பு வந்தபோது சொன்ன நியாயம்: இது விவசாயிக்கு வருமானம். அதே வருஷம் டிசம்பரில் நாசிக்கைச் சேர்ந்த பெரிய ஒயின் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. புளித்த திராட்சைச் சாறு பங்குச்சந்தையில் ஏறியது. புளித்த முந்திரிச் சாறு எங்கே ஏறியது? போலீஸ் ஜீப்பில்.

*

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் ஜங்ஷன் தெரியும், பழமலைநாதர் கோயில் தெரியும், பீங்கான் தெரியும். ஊரைச் சுற்றிப் பண்ருட்டி வரைக்கும் செம்மண் மேட்டில் முந்திரிக் காடு. மாசியில் ஆரம்பித்து வைகாசி வரைக்கும் பழம் விழும். மஞ்சளும் சிவப்புமாய்த் தரையெல்லாம் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். கொட்டையின் எடையைப் போல ஆறேழு மடங்கு எடை பழம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. ஈ மொய்க்கும், மாடு தின்னும், மிச்சம் மக்கும்.

விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ.-3 என்கிற முந்திரி ரகம் 1991இல் இங்கிருந்துதான் வந்தது. நல்ல ரகம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ரகங்களைப் பற்றி விவசாயிக்குச் சொல்கிற முதல் கணக்கு, மரத்துக்கு எத்தனை கிலோ கொட்டை, கொட்டைக்கு எத்தனை பங்கு பருப்பு என்பதுதான். பழம் கணக்கிலேயே வருவதில்லை. கொட்டை தோப்புக்காரனுடையது, பழம் பொறுக்குகிறவளுடையது. அதனால்தானோ என்னவோ.

முந்திரியும் நாட்டு மரம் கிடையாது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. ஆனால் எங்கள் ஆயா அந்தப் பழத்தை நாட்டுப் பழமாக ஆக்கினாள். பழத்தைப் பொறுக்கி, நசுக்கிப் பிழிந்து, பானையில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, ஆற்று மணலில் புதைத்து வைப்பாள். காது வைத்துக் கேட்டால் உள்ளே நுரைக்கிற சத்தம் கேட்கும். "பேசுதுடா பானை" என்பாள். நாலைந்து நாள் கழித்து வேலை முடிந்து வருகிற ஆணும் பெண்ணும் ஆளுக்கு ஒரு சொம்பு குடிப்பார்கள். உடம்பு வலி தெரியாமல் தூங்குவார்கள். விற்று வந்த காசில் எனக்கு நோட்டு வாங்கித் தந்தாள்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் வந்தார்கள். பானையை மணலிலிருந்து தோண்டி எடுத்துப் பூட்ஸ் காலால் உதைத்து உடைத்தார்கள். ஆயா தலையில் இரண்டு ஓட்டைத் தூக்கி வைத்துத் தெரு நெடுக நடக்க வைத்தார்கள். சாறு அவள் முகத்தில் வழிந்தது. கேசில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'சாராய ஊறல்.' அதைக் காய்ச்சவும் இல்லை, வடிக்கவும் இல்லை. வெல்லம் இல்லை, வேலம்பட்டை இல்லை, கடுக்காய் இல்லை. வெறும் பழச்சாறு புளித்தது. திராட்சைச் சாறு புளித்தால் அதன் பெயர் ஒயின். முந்திரிச் சாறு சேரியில் புளித்தால் அதன் பெயர் ஊறல்.

திரும்பி வந்த ஆயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பழம் கீழ வுழுந்து அழுவுது. மாடு திங்குது. மனுசன் தின்னா தொண்டை கம்முது. அதாண்டா பானையில போட்டேன். நான் எவன் குடியக் கெடுத்தேன்?" அதற்கப்புறம் அவள் பானை எடுக்கவில்லை. அடுத்த ரெண்டு மூணு வருஷத்தில் எங்கள் தெரு முனைக்கு அரசாங்கமே கடையைக் கொண்டுவந்து வைத்தது. 2003இல் சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. ஆயாவுக்கு நோட்டுக் காசு போயிற்று. 2023-24இல் அரசுக்கு அந்தக் கடைகளால் வந்த வருமானம் 45,855 கோடி.

கோவாவுக்குப் போய்ப் பாருங்கள். இதே முந்திரிப் பழத்தைக் காய்ச்சி வடித்த ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் அந்த மாநில அரசு அதைப் பாரம்பரிய மது என்று அறிவித்தது. பக்கத்துக் கேரளாவில் 2022இல் சிறு ஒயின் ஆலைகளுக்கு விதி போட்டு, பழங்களிலிருந்து போதை குறைந்த மது தயாரிக்கலாம் என்றார்கள். பழம் ஒன்றுதான், புளிப்பு ஒன்றுதான். எல்லை தாண்டினால் பாரம்பரியம், எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம்.

*

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வகுப்பில் தேறல், நறவு, தோப்பி, பிழி, மட்டு என்று எத்தனை பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறேன்! ஔவைக்கும் அதியமானுக்கும் நடுவே இருந்த கள்ளைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பேராசிரியருக்குக் கண் கலங்கும். நிலத்தில் புதைத்து முற்றிய தேறலைப் புல் வேய்ந்த குடிசைதோறும் கொடுத்ததாய்ப் புறநானூற்றில் கபிலர் பாட்டு ஒன்று இருக்கிறது. பறம்பு மலைக் குடிசையில் புதைத்தால் அது செவ்வியல். மணிமுத்தாற்று மணலில் புதைத்தால் அது மதுவிலக்குச் சட்டம் 1937. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடித்ததையும் புறநானூறு சொல்கிறது. அந்த யவனரின் மதுச்சாடி உடைசல்களை 1945இல் அரிக்கமேட்டில் வீலர் தோண்டி எடுத்தார். ரோமாபுரியின் உடைந்த சாடி மியூசியத்தில் இருக்கிறது. ஆயாவின் உடைந்த பானை ஆற்றோடு போயிற்று.

ஜார்ஜியா என்று ஒரு சின்ன நாடு. குவெவ்ரி என்கிற பெரிய மண்சாடியைத் தரையில் புதைத்து, தங்கள் ஊர்த் திராட்சையை அதில் புளிக்க வைக்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த முறையை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. எங்கள் ஆயா செய்ததுதானே இது! மண்ணுக்குள் சூடு ஏறாது, புளிப்பு நிதானமாய் நடக்கும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தது?

பீங்கான் ஊரில் பிறந்தவனுக்கு இன்னொன்றும் உறைக்கிறது. எங்கள் சித்தப்பா செராமிக்கில் அச்சு ஊற்றுகிறவர். அகலும் கொலு பொம்மையும் ப்யூஸ் கட்டையும் அவர் கையிலிருந்து போகின்றன. வெள்ளை மண் தூசு தின்று தின்று ராத்திரியெல்லாம் இருமுவார். அவரிடம் அந்தச் சாடிப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்னாடா பெரிய வித்தை, சூளை மட்டும் பெருசா இருந்தா நாங்க ஊத்தித் தர மாட்டமா?" என்றார். பழம் இருக்கிறது, மண் இருக்கிறது, சூளை இருக்கிறது, கை இருக்கிறது. அனுமதிதான் இல்லை.

*

இந்த இடத்தில் நம்மவர்களே என்னை மறிப்பார்கள். மறிக்க வேண்டும். "ஏன்யா, நம்ம சனம் குடிச்சு அழியறது போதாதா? இதுல ஒயின் வேறயா?"

என் அம்மாதான் இதை முதலில் கேட்டாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, ஓட்டெண்ணெய் பட்டு, சாம்பல் தொட்டும் தேறாமல் தோல் உரிந்து கறுத்த கை அவளுடையது. அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னாள்: "ஒங்கப்பன் அந்தக் கடையில குடிச்சே செத்தான். ஒயினாம் ஒயினு."

அவளுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. குடி நல்லது என்று நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்தார். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் எடுக்க வைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் ஒயின் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்து, கறுப்பு உழைப்பாளிகளைத் தலைமுறை தலைமுறையாக அடிமையாக்கிய 'டாப்' முறையை நான் மறக்கவில்லை. நம் பாட்டன் பூட்டன்களுக்குப் பண்ணை மிராசு கூலியோடு கள்ளு ஊற்றியதும் அதே சூழ்ச்சிதான். அழகான பாட்டிலில் வந்தாலும் ஒயினுக்கு இந்த ரத்தம் உண்டு.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். செத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், தினக்கூலிகள். அவர்களைக் கொன்றது புளித்த பழம் இல்லை. பெயிண்டுக்கும் கெமிக்கலுக்கும் பயன்படுகிற தொழிற்சாலை மெத்தனால். ஊறல் பானையை உடைத்த இடத்தில் மெத்தனால் பாக்கெட் வந்து உட்கார்ந்தது. கடையில் குவார்ட்டருக்குக் காசு இல்லாதவன் பாக்கெட்டுக்குப் போனான். சம்பவத்துக்குப் பிறகு அதே மாசம் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கூட்டினார்கள். மெத்தனால் விற்றவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்தக் கடுமையான சட்டத்தின் நிழல் முதலில் விழப்போவது இன்னொரு ஆயாவின் பானை மேல்தான் என்று என் அனுபவம் சொல்கிறது.

அந்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். அந்தப் பெண்களின் கோபம் என் அம்மாவின் கோபம். அதற்கு முன்னால் நான் கை கட்டித்தான் நிற்பேன். மதுவிலக்கு என்றால் மதுவிலக்கு. ஆனால் அது நாசிக்குக்கும் கருணாபுரத்துக்கும், எலைட் கடைக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரே விலக்காக இருக்கட்டும். அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு சேரிக்கு மட்டும் எழுதப்பட்டதா? பணக்காரன் குடித்தால் ரசனை, ஏழை குடித்தால் ஒழுக்கக்கேடு, ஏழை தயாரித்தால் கிரிமினல். இந்த மூன்று தட்டுத் தராசைத்தான் நான் உடைக்கச் சொல்கிறேன்.

மதுவிலக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை என்றால் என் கோரிக்கை இதுதான். முந்திரிப் பழத்தின் மேல் முதல் உரிமை, அதைப் பொறுக்குகிற, கொட்டை உடைக்கிற பெண்களுடையது என்று எழுத வேண்டும். அவர்கள் கூட்டுறவுச் சங்கம் வைக்கட்டும். சாறு, காடி, சர்பத், ஒயின் எதுவானாலும் அவர்கள் முடிவு செய்யட்டும். 'ஒயின் வேண்டாம், காடி போதும்' என்று என் அம்மா கை தூக்கினால் அதுவே சட்டம். உரிமம் கொடுத்தால் அவர்களுக்கு முதலில் கொடு. பின்னால் வருகிற கம்பெனி அவர்களிடம் வந்து சாறு வாங்கட்டும். ஆராய்ச்சி நிலையம் கொட்டைக்குக் கொடுத்த மூளையில் பாதியைப் பழத்துக்குக் கொடுக்கட்டும். சாடியை எங்கள் சித்தப்பாவும் அவரைப் போன்றவர்களும் ஊற்றித் தருவார்கள். அந்த வேலைக்கு முகமூடியும் தூசு உறிஞ்சும் மிஷினும் முதலில் வர வேண்டும்.

இதைச் செய்யாமல் நாட்டுத் திராட்சை, நாட்டு ஒயின் என்று யாராவது மேடை போட்டால், நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்பேன். நாட்டு என்றால் யார் நாடு?

நாட்டுத்தன்மை விதையில் இல்லை தோழர்களே. பிரேசில் மரத்தையும் பிரெஞ்சுக் கொடியையும் இந்த மண்ணுக்குச் சொந்தமாக்கியது உழைத்த கை. வேரின் பெயரைப் பாட்டிலில் எழுதாதவரைக்கும் அந்தப் பாட்டில் திருட்டுச் சரக்குதான்.

அன்றைக்குப் புதுச்சேரியில் நண்பர் கேட்டார்: "எப்படி இருக்கு? என்ன வாசனை வருது?"

"பூட்ஸ் வாசனை வருது" என்று சொல்லிவிட்டு, குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.